ஆறாம் மணி நம் ஊரில் ஒன்றே கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"விடிந்ததும் ஜெபம் பண்ணுகிறோம், படுக்கும்போது ஜெபம் பண்ணுகிறோம். பகலில் எங்கே நேரம்?" மலேசியத் தோட்டப்புறத்துச் சிற்றாலயங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்கிறவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க ஓடுகிறவர்கள். இல்லையென்றால் ஐந்தரைக்கே கம்பெனி பஸ் ஏறிக் கிள்ளான் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். பகல் ஜெபம் என்றால் மடத்துச் சாமியார்கள் செய்வது, பன்னிரண்டு மணிக்குச் செய்வது, அரை மணி நேரமாவது பிடிப்பது என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். மூன்றும் சரியில்லை. பகல் ஜெப வேளைகள் கூலி வேலையோடு பிறந்தவை. நம் ஊர் வெயிலுக்கும் வேலைக்கும் அவை அளந்து தைத்ததுபோல் பொருந்துகின்றன. சபைகள் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டும், எப்படிச் செய்வது என்று விளக்கியும் இக்கடிதத்தை எழுதுகிறோம்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திராட்சத்தோட்டத்துக்காரன் விடியற்காலையில் ஆள் பிடிக்கப் புறப்படுகிறான். நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி பேசுகிறான். மூன்றாம் மணி வேளையில் மறுபடி கடைத்தெருவுக்குப் போகிறான். பிறகு ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி. கூலியாளின் நாள் எந்த இடங்களில் மடிந்ததோ, அதே இடங்களில்தான் ஆதிச் சபையின் ஜெபமும் நின்றது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து பேசியது மூன்றாம் மணி (அப்போஸ்தலர் 2:15). அவர் ஜெபம்பண்ண மேல்வீட்டில் ஏறியது ஆறாம் மணி (10:9). அவரும் யோவானும் தேவாலயத்துக்குப் போனது "ஜெபவேளையாகிய ஒன்பதாம்மணி நேரத்திலே" (3:1). சிலுவையின் மணிகளும் இவையே: மாற்கு 15ஆம் அதிகாரத்தில் ஆணியடித்தது மூன்றாம் மணி, தேசமெங்கும் இருண்டது ஆறாம் மணி, இயேசு கூப்பிட்டு ஜீவனை விட்டது ஒன்பதாம் மணி. 200ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், இந்த மூன்றையும் பகலைப் பகுத்துக் காட்டும் பொது வேளைகள் என்றே சொல்கிறார்.

இவை கடிகார மணிகள் அல்ல. சூரியன் எழுவது முதல் அடைவது வரை உள்ள பகலைப் பன்னிரண்டு பங்காக்கிய கணக்கு. ஐரோப்பாவில் கோடையில் அந்தப் பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். நாமோ நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஆகவே வேதத்தின் ஒரு மணியும் நம் 60 நிமிடமும் அநேகமாக ஒன்றே. ஆனால் எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிச் சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனைவிட முந்தித்தான் ஓடியது. இன்று சிலாங்கூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 1:14க்கு. பிப்ரவரி நடுவில் 1:28 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12:58க்கே வந்துவிடும். முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். முஸ்லிம் அன்பர்களின் லுஹர் தொழுகை நேரம் ஒரு மணிக்கு மேல் போய் நிற்பதும் இதே காரணத்தால்தான், அது சூரியன் உச்சி சாய்வதைப் பார்த்துத் தொடங்குவது.

அப்படியானால் மூன்றாம் மணி நமக்குக் காலை 10:15. ஆறாம் மணி பகல் 1:15. ஒன்பதாம் மணி மாலை 4:15. பசியாறும் நேரம், சாப்பாட்டு நேரம், தேநீர் நேரம். வேலை எங்கே தானாக நிற்கிறதோ அங்கேதான் ஜெப வேளையும் நிற்கிறது. புதிதாக நேரம் தேட வேண்டியதே இல்லை.

பால்மரக் காட்டில் இதைக் கண்ணாலேயே காணலாம். குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால்தான் தலைவிளக்கோடு இருட்டிலேயே வெட்டத் தொடங்குகிறார்கள். ஐந்நூறு மரம் அளவுள்ள நிரையை வெட்டி முடிக்க ஒன்பது, ஒன்பதரை ஆகும். உடனே பால் எடுக்க முடியாது. கோட்டில் வடிந்து மங்கில் (மரத்தில் வைத்த கிண்ணத்தில்) சேரும்வரை காத்திருக்க வேண்டும். வெட்டுக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவதும், உளியைத் தீட்டிவைப்பதும், வரக்கோப்பி குடிப்பதும் அந்த இடைவெளியில்தான். மூன்றாம் மணி நேராக அதன் மடியில் வந்து விழுகிறது. வாளியைக் கையில் எடுக்குமுன் ஆறு நிமிடம் போதும். ஆனால் வெட்டுக்கு நடுவே யாரையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். பாதி நிரையில் பத்து நிமிடம் நின்றால் கடைசி மரங்களுக்குப் போகும்போது வெயில் ஏறியிருக்கும், பால் குறையும், சம்பளமும் குறையும். அப்படி வைத்த ஜெபம் ஒரு வாரம் தாங்காது. மழை கறுத்தாலும் அப்படியே: முதலில் பாலைக் காப்பாற்றுங்கள். ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவியபின் ஜெபிக்கலாம்.

வேளையை இப்படி நகர்த்துவது பக்திக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்குவிதி எழுதிய புனித ஆசீர்வாதப்பரே நகர்த்தியிருக்கிறார். அந்த விதியின் 48ஆம் அதிகாரம் அன்றாடக் கைவேலையைப் பற்றியது. கோடையில் மத்தியான ஓய்வுக்குப்பின் வேலைக்குத் திரும்ப வசதியாக, ஒன்பதாம் மணி ஜெபத்தை முன்தள்ளி எட்டாம் மணியின் நடுவிலேயே சொல்லச் சொல்கிறார். 50ஆம் அதிகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. வேலைக்காடு தொலைவில் இருந்து, வேளைக்கு ஆலயத்துக்கு வரமுடியாதவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே முழங்காலிட்டு ஜெபிக்கட்டும் என்கிறது. 20ஆம் அதிகாரம், சேர்ந்து செய்யும் ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும் என்கிறது. மடத்துக்கென்று எழுதிய விதியே காட்டில் நிற்பவனுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறது.

செம்பனைக் காட்டில் எச்சரிக்கை அதிகம் தேவை. குலை வெட்டும் அரிவாளை நீளக் கழியில் கட்டி மேலே நீட்டியிருக்கும்போது கண்ணை மூடுவது என்ற பேச்சே கூடாது. பழுத்த குலை ஒன்று இருபது கிலோ இருக்கும். மட்டையின் முள் தனி. கழியைப் படுக்க வைத்து, அரிவாளின் வாயில் உறையிட்டு, வெட்டிய மரங்களின் கீழிருந்து விலகிப் பாதைக்கு வந்தபின்தான் நிற்க வேண்டும். டிராக்டர் ஓட்டுகிறவர் இன்ஜினை அணைத்துக் கீழே இறங்கட்டும். எண்ணெய் ஆலையில் ஓய்வறை தவிர வேறெங்கும் வேண்டாம். லாரி, வேன் ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டாமல் சங்கீதம் சொல்லலாம். தலை குனியவும் கண் மூடவும் கூடாது. கண் திறந்து ஜெபிப்பது குறையுள்ள ஜெபம் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. சங்கீதம் 121 தொடங்குவதே கண்களை ஏறெடுத்துத்தான்.

தொழிற்சாலையிலும் கடையிலும் இருப்பவர்கள் சட்டம் தருவதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவுப்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் 30 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு தர வேண்டும். 30 நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தம் ஓய்வாகக் கணக்கில் வராது. நிறுத்தவே முடியாத வேலையானால் எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம், ஆனால் அதற்குள் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடம் இருக்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள் என்ன? ஜெபத்துக்கென்று சாப்பாட்டு நேரத்தைத் துண்டு போடச் சொல்லிக் கேட்காதீர்கள். 15, 15 என்று உடைத்தால் சட்டம் தரும் ஓய்வே உங்கள் கையைவிட்டுப் போய்விடும். அரை மணியை முழுதாக வாங்கி, அதன் முதல் ஆறு நிமிடத்தை ஜெபத்துக்கு வையுங்கள். முதலாளியின் நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை என்று மண்டோருக்கோ சூப்பர்வைசருக்கோ முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

முதல் ஆறு நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்டபின் என்று வைத்தால் கண் சொருகும். வயிறு நிறைந்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்திலேயே தலை ஆடும். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன், கை கழுவிவிட்டு, நின்றுகொண்டே ஜெபியுங்கள். சாப்பாட்டு ஜெபமும் அதிலேயே அடங்கிவிடும்.

அந்த ஆறு நிமிடத்துக்குள் என்ன? முதலில் அரை நிமிடம் சும்மா நிற்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இயந்திரச் சத்தம் காதிலும் அவசரம் நெஞ்சிலும் இருக்கும்போதே வாயைத் திறந்தால் சொற்கள் ஓடும், மனசு ஓடாது. மூச்சு நிதானப்பட்டபின், ஒருவர் சங்கீதம் 70இன் முதல் வசனத்தைச் சொல்லட்டும்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பகல் வேளை ஜெபங்களைப் பல நூற்றாண்டுகளாகத் தொடங்கிவைக்கும் வசனம் இதுதான், வேலைக்கு நடுவே நிற்கிறவன் வாயில் பொருத்தமாக உட்காரும். அடுத்து ஒரு சங்கீதம், ஒன்பது வசனத்துக்கு மேல் போகாமல், ஒன்றரை நிமிடம். பிறகு சுவிசேஷத்திலிருந்து ஒரே ஒரு வசனம், அதைத் தொடர்ந்து ஒரு நிமிட மௌனம். விண்ணப்பம் ஒரு நிமிடம். கர்த்தருடைய ஜெபம் அவசரப்படாமல் சொன்னால் நாற்பது விநாடி. கடைசியில் ஆசீர்வாத வசனம். கூட்டிப் பார்த்தால் ஆறு நிமிடம் நிறைவதில்லை.

சங்கீதத்தைப் படிக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஜெபத்தின் உயிர் அதில்தான். சங்கீத வசனம் பெரும்பாலும் இரண்டு பாதி உடையது. முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி திருப்பிச் சொல்லும், அல்லது நீட்டும். நம் பழைய வேதாகமத்தில் நடுவே அரைப்புள்ளி போட்டிருப்பது பல வசனங்களில் அந்த இடத்தைக் காட்டும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்;" இங்கே ஒரு முழு மூச்சு நிறுத்துங்கள். "நான் தாழ்ச்சியடையேன்." இங்கே நிற்க வேண்டாம், அடுத்த வசனம் உடனே வரலாம். நடுவில் நிறுத்தி முடிவில் தொடர்வது முதலில் தலைகீழாகத் தோன்றும், ஆனால் இரண்டு நாளில் பழகிவிடும். இரண்டு பேர் இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வசனமாக மாற்றி மாற்றிச் சொல்லலாம். அந்த ஒரு மூச்சு இடைவெளியில்தான் வசனம் உள்ளே இறங்குகிறது. நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வாசித்தால் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும். வாசித்து முடித்தபின் என்ன வாசித்தோம் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது.

எந்தச் சங்கீதம் என்ற கேள்விக்கும் ஆசீர்வாதப்பரின் விதியே வழி காட்டுகிறது. 120 முதல் 128 வரையுள்ள ஒன்பது ஆரோகண சங்கீதங்களைப் பகல் வேளை மூன்றுக்கும் மும்மூன்றாகப் பங்கிட்டு, செவ்வாய் முதல் சனி வரை மாற்றாமல் சொல்லச் சொன்னார். திரும்பத் திரும்ப வந்தால் மனப்பாடமாகும். காட்டில் புத்தகம் தேவைப்படாது. நமக்கு ஒரு வேளைக்கு ஒன்று போதும். 120இலிருந்து 134 வரை மொத்தம் 15. இவற்றில் நீளமானது 132 மட்டும், 18 வசனம். அதை இரண்டாக்கினால் 16 நாளைக்கு ஆகும். அதன்பின் 119ஐ எடுங்கள். 176 வசனம் என்று பயப்பட வேண்டாம், எட்டெட்டாக 22 பகுதியாகத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 38 வேலைநாள். வாரத்துக்கு ஆறு வேலைநாள் என்றால், ஏழாம் வாரத்தின் மூன்றாம் நாளில் மறுபடி 120க்குத் திரும்பலாம். உடம்பு முடியாத நாளுக்கு 117 இருக்கிறது; இரண்டே வசனம். "பகலிலே வெயிலாகிலும், இரவிலே நிலவாகிலும் உன்னைச் சேதப்படுத்துவதில்லை" என்ற 121ஆம் சங்கீத வசனத்தை உச்சி வெயிலில், தலைத்துண்டு நனைந்த நிலையில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

துதிப் பாடலுக்கு ஒரு வார்த்தை. முழுக் கீர்த்தனை வேண்டாம். பல்லவியை மட்டும் இரண்டு தரம் பாடுங்கள், அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. சரணங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். பெட்டியோ தபேலாவோ இல்லாத இடத்தில் பாட்டைத் தொடங்குகிறவர் உற்சாகத்தில் சுதியை ஏற்றிவிடுவார். இரண்டாம் அடியில் ஆண்கள் வாயை மூடிவிடுவார்கள். பேசும் குரலுக்குச் சற்று மேலே தொடங்கினால் எல்லாருக்கும் எட்டும்.

இந்த ஜெபம் நின்றுபோவதற்கு முதல் காரணம் விண்ணப்ப ஜெபம் நீளுவதுதான். வாய்வந்த ஜெபத்தில் வரம் பெற்றவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது நல்ல வரம். ஆனால் ஒருவர் தொடங்கி மிஷனரிகள், அரசாங்கம், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மருத்துவமனையில் இருப்பவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தால் பன்னிரண்டு நிமிடம் ஓடிவிடும். சோறு ஆறும். மறுநாள் இரண்டு பேர் வரமாட்டார்கள், அடுத்த வாரம் ஜெபமே இருக்காது. மூன்று பேருக்காக மட்டும், பெயர் சொல்லி, ஆளுக்கு ஒரு வாக்கியம் என்று கட்டுப்படுத்துங்கள். நாலாவது பெயர் நாளைக்கு.

இரண்டாவது காரணம் கைப்பேசி. வேதாகமம் அதில்தான் இருக்கிறது என்று திறப்பார்கள். மேலே வாட்ஸ்அப் செய்தி நாலு நிற்கும். அத்தோடு மனசு போய்விடும். அஞ்சலட்டை அளவில் ஒரு கனத்த அட்டை தயாரியுங்கள். முன்பக்கம் தொடக்க வசனம், வாரத்துச் சங்கீதம், கர்த்தருடைய ஜெபம். எழுத்து வெயிலிலும் கண்ணாடி இல்லாமலும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையின் நான்கு ஓரத்தையும் ஒட்டிவிட வேண்டும், ஒரு பக்கம் திறந்திருந்தாலும் வியர்வையும் பால் கறையும் உள்ளே போய் எழுத்தைத் தின்றுவிடும். சட்டைப்பைக்கு அடங்கினால்தான் காட்டுக்கு வரும். அலாரம் வைப்பதும் பலருக்கு ஒத்துவருவதில்லை. கையில் வேலை இருக்கும்போது அது அடிக்கும், அணைப்பார்கள், அணைத்ததே பழக்கமாகிவிடும். சோற்றுப் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தில் அட்டையைச் செருகி வைத்துப் பாருங்கள். சாப்பிட உட்காரும்போது அட்டை கைக்கு வந்தே தீரும்.

மூன்றாவது சிக்கல், கத்தோலிக்கரும் மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபையாரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும்போது வருவது. ஒருவர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பார், மற்றவர் "விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்பார். இரண்டாம் வரியில் இரண்டு குரலும் மோதி நிற்கும். முடிவிலும் அப்படியே. ஒரு சாரார் தீமையிலிருந்து விடுவிக்கும் விண்ணப்பத்தோடு ஆமென் சொல்வார்கள், மறு சாரார் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள். அன்றைக்கு நடத்துகிறவரின் சபை வாசகமே அன்றைய வாசகம் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால் தீர்ந்தது. மற்றவர்கள் அட்டையைப் பார்த்துச் சொல்லலாம். யாருடைய வாசகமும் தாழ்ந்தது அல்ல. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று மாறி வந்தால் மனக்கசப்பும் வராது.

கத்தோலிக்கர்களுக்கு மூவேளை செபம் இருக்கிறது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. மூன்று சிறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அருள் நிறைந்த மரியே, முடிவில் ஒரு மன்றாட்டு. மூன்று நிமிடத்தில் முடியும். நண்பகல் மணியை அடிக்கச் சொன்னவர் பாப்பரசர் மூன்றாம் கலிஸ்துஸ், ஆண்டு 1456. பாஸ்கா காலத்தில் இதற்குப் பதில் விண்ணக அரசி செபம், அதை நின்றுகொண்டு சொல்வது வழக்கம். சாப்பாட்டு மணி ஒன்றுக்குத்தான் அடிக்கிறது என்பதற்காக மூவேளை செபத்தை விட்டுவிடுவதைவிட, ஒன்றே காலுக்குச் சொல்வது மேல். அதுதான் உண்மையான உச்சிப் பொழுது என்பதையும் மேலே பார்த்தோம்.

மாலை 4:15 துதிக்கும் விண்ணப்பத்துக்கும் உரியது என்பதைவிட, நின்று திரும்பிப் பார்ப்பதற்கு உரியது என்று வைத்துக்கொள்ளலாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் என்ற நூலுக்கு 1548இல் திருச்சபையின் ஒப்புதல் கிடைத்தது. அதில் ஓர் எளிய முறை இருக்கிறது. திருத்திக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதை நினைவில் நிறுத்த வேண்டும். பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் எத்தனை தரம் அதில் விழுந்தோம் என்று எண்ண வேண்டும். காகிதத்தில் நாளுக்கு இரண்டு கோடு, மேல் கோடு பகலுக்கு, கீழ்க் கோடு இரவுக்கு. விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. ஏழு நாளுக்கு ஏழு சோடிக் கோடுகள், அவர் வரைந்து காட்டியபடி கீழே போகப் போகக் குட்டையாகும். குறை குறைய வேண்டும் என்பது அதன் பொருள். நம் அட்டையின் பின்பக்கம் இதற்கு அளவாக இருக்கும். கோபம், கெட்ட வார்த்தை, புறம்பேசுதல் என்று ஏதாவது ஒன்று. இரண்டு குறையைச் சேர்த்து எடுத்தால் புள்ளிக் கணக்கு குழம்பும், மூன்றாம் நாளே அட்டை பையிலேயே தூங்கும். யாரிடமும் காட்ட வேண்டியதும் இல்லை.

அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் எழுத வேண்டும். ஓய்வறை பொது இடம். மலாய் நண்பர்கள் சூராவுக்குப் போகும் நேரமும் நாம் ஜெபிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக விழுவது நல்லதே. வேலைத்தளமே அப்போது அமைதியாக இருக்கும். அவர்களுடைய தொழுகை அறையை நம் ஜெபத்துக்குக் கேட்க வேண்டாம். பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் ஜெபியுங்கள், மேசைமேல் துண்டுப்பிரசுரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இந்து நண்பர் ஒருவர் சோற்றைப் பிரிக்காமல் நமக்காகக் காத்திருப்பது நம் ஊரில் சாதாரணம். அவரை நிற்க வைத்து ஜெபத்தை நீட்டுவது மரியாதை ஆகாது.

வீட்டில் இருக்கும் அம்மாமார்களுக்கு அரிசிப் பானையின் பொத்தான் மேலே எழும்பும் சத்தமே மணி. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருமுன் கிடைக்கும் அந்த இடைவெளியை விட்டால் மாலைவரை கிடைக்காது. அடுப்பை அணைத்துவிட்டு நில்லுங்கள், எரியவிட்டு நின்றால் காது குழம்பில்தான் இருக்கும். ஜாகா (காவல்) வேலையிலும் இரவு ஷிஃப்டிலும் இருப்பவர்கள் பகல் கணக்கைப் பின்பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர்களின் சாப்பாட்டு நேரம் நடுராத்திரி. பவுலும் சீலாவும் சிறையில் ஜெபம்பண்ணித் துதித்துப் பாடியதும் நடுராத்திரியில்தான் (அப்போஸ்தலர் 16:25). இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரருக்காக எழுதிய 134ஆம் சங்கீதம் மூன்றே வசனம். காவல் கொட்டகைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

தொடங்கும்போது மூன்று வேளையையும் ஒன்றாகப் பிடிக்காதீர்கள். 1:15 ஒன்றை மட்டும் எடுத்து, 38 நாள் சங்கீதச் சுற்று ஒன்று முடியும்வரை அதையே செய்யுங்கள். அது காலூன்றியபின் 10:15. பசியாறும் நேரம் குறுகியது என்பதால் அங்கே ஒரு சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் போதும். 4:15 கடைசியில். தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு செய்ய வேண்டாம், அன்றைய சங்கீதத்தோடு தொடருங்கள்.

போதகர்களும் பங்குத் தந்தையரும் உபதேசியார்மாரும் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, அட்டையை அச்சடித்து ஞாயிற்றுக்கிழமை வாசலில் கொடுப்பது; கொடுத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் அதை வைத்துச் சபையோடு ஒருமுறை ஜெபித்துக் காட்டுவது. நடுமூச்சை எங்கே விடுவது என்பது எழுதிப் புரியாது, கேட்டால்தான் வரும். மற்றொன்று, மணி. தோட்டச் சிற்றாலயங்கள் பலவற்றில் மணி ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அசைகிறது. வார நாளில் 1:15க்கு, மூவேளை செபத்துக்கு அடிக்கும் முறையில், மூன்று, சற்று நிறுத்தி மூன்று, மறுபடி மூன்று, பிறகு தொடர்ந்து ஒன்பது அடியுங்கள். அடிக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திவைக்காதீர்கள்; ஆலயத்துக்குப் பக்கத்து லயத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும், அவருக்கு முடியாத நாளுக்கு இன்னொருவரும் போதும். முதல் வாரத்துக்கு முன்பே தோட்ட நிர்வாகத்திடமும் சுற்றுவட்டாரத்து வீடுகளிலும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பழைய கயிறு மழையில் நனைந்து கப்பியில் இற்றுப்போயிருக்கும். இழுக்குமுன் ஏணி வைத்து ஏறி அந்த இடத்தைப் பார்த்து, நைலான் கயிறு மாற்றி, கப்பிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டச் சிற்றாலயங்களில் பகல் ஜெபம் நடத்துவோர்,
பெஸ்தாரி ஜெயா (முன்னாள் பத்தாங் பெர்சுந்தை), சிலாங்கூர்.